ஓர் ஆள் எடை

அந்த நீளமான வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாமா என்று மனுஷன் யோசிக்கிற நேரத்தில். பேய் பிசாசு என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இது நடந்தது பட்டப்பகலில். தகரக் கூரை வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது. பழைய கிரீஸும் காய்ந்த ரப்பரும் கலந்த நாற்றம் பட்டறை முழுக்க நின்றது.

பட்டறைக்காரரை அந்தத் தெருவே ‘காது’ என்றுதான் கூப்பிடும். முகத்தை வைத்து வந்த பெயர் இல்லை. எந்த வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை அந்தப் பெயரைச் சொன்னால் மனுஷன் குளிர்ந்துபோவார். இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி திரும்பிக்கொள்கிறார்.

வண்டியிலிருந்து இறங்கிய அம்மாள் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“நான் பல் டாக்டர்ங்க. ஒரு பல் வலிக்குதுன்னு வந்தா அந்தப் பல்லைத்தான் பார்ப்பேன். இந்த வண்டிக்கு நாலு பட்டறையில மொத்த வாயையும் பிடுங்கிட்டாங்க. வலி மட்டும் அப்படியே இருக்கு.”

காதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்தப் பக்கம் வலிக்குது?”

“பின்னாடி. டக்கு டக்குனு அடிக்குது. பள்ளத்துல போனாலும் அடிக்குது, நல்ல ரோட்டுல போனாலும் அடிக்குது. ஸ்பிரிங், ஷாக், புஷ் எல்லாம் புதுசு. மாத்தாதது வண்டியோட நம்பர் மட்டும்தான்.”

பின் சீட்டில் ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார், அவளுடைய அப்பா. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“ஸ்பிரிங்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பின்னாடி ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான் தம்பி. பாவம், அவனை யாராச்சும் திறந்து விடுங்க.”

“அப்பா, சும்மா இருங்க.” பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “வண்டியில ஏறினா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடறார். எழுப்பறதுக்குள்ள எனக்கு உயிரு போயிடுது. முந்தாநாள் ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணி தெளிச்சு எழுப்பினேன். உடம்பு அவ்ளோ தளர்ந்துபோச்சு. நாளைக்குக் காலையில மறுபடியும் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க.”

இரண்டு பேரும் வாடகை வண்டியில் ஏறிப் போனார்கள். காது வண்டியைச் சுற்றி வந்தார். சாம்பல் நிறப் பெயிண்ட், சமீபத்தில் அடித்தது. ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் வைத்திருந்த மாடல். குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். முன்னால் மூன்று விரல் போயிற்று. பின்னால் இரண்டு விரல்தான். புது ஸ்பிரிங் போட்ட வண்டி, காலியாக நிற்கிற வண்டி, பின்பக்கம் ஏன் தாழ்ந்திருக்க வேண்டும்? டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயர்கூட இல்லை, சுத்தமாகக் காலி.

டிக்கியின் ரப்பர் ஓரத்தைச் சும்மா நகத்தால் நெம்பினார். சாம்பல் நிறத்துக்கு அடியில் பச்சை தெரிந்தது.

கரும்பச்சை.

சரி, உலகத்தில் எத்தனையோ பச்சை வண்டி இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு லிப்ட்டில் ஏற்றினார். கடப்பாரையை வைத்து ஒவ்வொரு புஷ்ஷாக நெம்பினார். ஒன்றும் அசையவில்லை. லிங்க் ராடு இறுக்கம், ஷாக் இறுக்கம், எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் அச்சைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் போல்ட்டுக்கு வந்தார். அதை மட்டும் நாலு பட்டறையிலும் யாரும் கழற்றவில்லை. போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரைக்கும் மங்கலாக ஒரு மஞ்சள் கோடு ஓடியது. கோட்டின் கடைசியில் சின்னதாக ஒரு கொக்கி.

இறுக்கி முடித்த போல்ட்டில் மஞ்சள் கோடு போடுகிற மெக்கானிக் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். கடைசியில் கொக்கி போடுகிறவர் ஒருத்தர்தான். அவர் இப்போது அந்த வண்டிக்கு அடியில் நின்றுகொண்டு, அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்தவர் அவர்தான்.

அப்போது பட்டறையில் இரண்டு பேர். காதும், அவருடைய தங்கை புருஷனும். இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒட்டுதல். பின்பக்கச் சத்தம் என்று வண்டி வந்தால் ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு கேட்பார்கள். பெரும்பாலும் படுப்பது மாப்பிள்ளைதான். “மாமியார் வீட்டுல கிடைக்காத மெத்தை மச்சான் இது” என்று தலையணையோடு போய்ப் படுப்பான். டிக்கியின் தரையில் இருக்கிற வட்ட ரப்பர் மூடியைப் பிடுங்கிவிடுவார்கள், அந்த ஓட்டை வழியாகச் சத்தம் துல்லியமாக வரும் என்று. சொகுசு வண்டிகளில் உள்ளே கத்தினால் முன் சீட்டுக்குக் கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் இடது சக்கரம். இரண்டு என்றால் வலது. மூன்று என்றால் வண்டியை நிறுத்து. நான்கு என்றால் கண்டுபிடித்தாகிவிட்டது, வந்து திற.

அன்றைக்கு அந்தக் கரும்பச்சை வண்டியின் சைலன்ஸர் குழாயில், சரியாக அந்த ஓட்டைக்குக் கீழே, கையகலத் துரு. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து டிக்கியைத் திறந்தபோது மாப்பிள்ளை முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். உதடு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. உயிர் இல்லை.

புகைதான் காரணம், வலி தெரியாமல் தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தங்கை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். கேட்கிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்வாள். ‘தூங்கின மாதிரியே போயிட்டாரு.’ போலீஸ் வந்து கேட்டது: ஏதாவது தட்டினாரா? காது இல்லை என்று தலையாட்டினார். தங்கை கேட்டாள். அவளிடமும் இல்லை என்றார்.

இப்போது அந்தத் தங்கைதான் பட்டறையில் பாகங்கள் வாங்குவதும், சரிசெய்த வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதும். அவள் ஸ்டியரிங் பிடித்தால் அண்ணனே வாயைப் பொத்திக்கொள்வார், அவ்வளவு நிதானம். அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் காது வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

நல்ல ரோடு. ஒரு பள்ளம் இல்லை.

டக். டக். டக்.

நின்றது.

டக். டக். டக்.

சஸ்பென்ஷன் சத்தத்துக்குக் கணக்குத் தெரியாது. பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி வாய்க்கு வந்ததைக் கத்தும். இது எண்ணி எண்ணித் தட்டியது. அவர் ஓரமாக நிறுத்தி, ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். காலி. வெறும் சூடு முகத்தில் அடித்தது.

பட்டறைக்குத் திரும்பி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“ஒண்ணுமில்லை. சத்தம் பிடிபடலை. திருப்பி அனுப்பிடலாம்.”

“நீயா? சத்தம் பிடிபடலைன்னா?” அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். நிறம் மாறியிருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மாடல் மட்டும் தெரிந்தது. டிக்கி மூடியில் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் சொன்னாள். “நாளைக்குக் காலையில அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரி போகணுமாமே. டிக்கியில ஆள் படுத்தாத்தான் தெரியும். நீ ஓட்டு. நான் படுக்கறேன்.”

“வேணாம்!”

அவர் போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள்.

“நான் படுக்கறேன்,” என்றார் காது. வேறு வழியில்லை. அவளை அந்த டிக்கியில் படுக்கவிடுவதற்குப் பதில் அவர் தூக்கில் தொங்குவார்.

“தட்டுற கணக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

“மூணுன்னா நிறுத்தணும்,” என்றாள் தங்கை. “எனக்கு அது ஒண்ணு போதும்.”

மூடி விழுந்தது. இருட்டு. தரையில் இருந்த வட்ட ஓட்டை வழியாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது. அந்த ரப்பர் மூடி ஐந்து வருஷமாக எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். டூல்ஸ் அலமாரியின் கடைசி இழுப்பறையில், துணி சுற்றி வைத்திருந்தார். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, பார்க்கவும் மனசு வரவில்லை.

வண்டி உருண்டது. ரோடு காதுக்கு அடியில் ஓடியது. அவர் காலை நீட்டப் பார்த்தார். நீட்ட முடியவில்லை.

பெரிய டிக்கி அது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

முழங்காலில் எதுவோ இடித்தது. மறுபடியும் நீட்டினார். மறுபடியும் இடித்தது. இரும்பு மாதிரி இல்லை. இடித்தால் கொஞ்சம் அமுங்கியது.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. பயத்தில் மூளை நின்றுபோனாலும் வாய் தன் பாட்டுக்கு வேலை செய்யும். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை தானாக வந்துவிட்டது.

“தள்ளிப் படு, மாப்ளே.”

இடம் கிடைத்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது. முதுகில் வேர்வை ஓடியது. பக்கத்தில் இருந்தது அசையவில்லை, ஆனால் அது அங்கே இருந்தது. பழைய கிரீஸ் வாசனை, அவன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. அப்புறம் அந்த இரண்டையும் அமுக்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று மூக்கில் ஏறியது.

புகை.

குழாயில் அதற்குப் பிறகு யாரோ ஒட்டுப் போட்டிருக்க வேண்டும். ஒட்டு விட்டுப் போயிருந்தது. ஓட்டை வழியாகச் சூடாக, சன்னமாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. டிக்கிக்கு முன்னால் என்ன இருக்கிறது? பின் சீட். பின் சீட்டில் யார்? ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிற பெரியவர். தளர்ச்சியாம், தளர்ச்சி! ஏறும்போதெல்லாம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறது இந்த வண்டி. தட்ட வேண்டும். கையைத் தூக்கினார்.

கை வரவில்லை.

தலை விண்விண்ணென்று தெறித்தது. கண்ணை மூடினால் சுகமாக இருக்கும் போலிருந்தது. ஒரு நிமிஷம்தானே, மூடிக்கொள்ளலாமே.

அவர் காதுக்குப் பக்கத்திலேயே, ஒரு ஜாண் தூரத்தில், விரல் முட்டி இரும்பில் விழுந்தது.

டக். டக். டக்.

அவர் தட்டவில்லை.

அந்தச் சத்தம்தான் அவரை உசுப்பியது. உடம்பில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் கூட்டி முட்டியால் இடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

வண்டி அந்தக் கணமே நின்றது. கதவு திறக்கிற சத்தம், ஓடிவருகிற காலடி, மூடி தூக்கப்பட்டதும் கண்ணைப் பொசுக்குகிற வெயில். தங்கை அவரை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அவர் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

“ஏண்ணே ரெண்டு தடவை தட்டறே? முதல் மூணுலயே பிரேக்கை மிதிச்சிட்டேனே!”

“நான் ஒரு தடவைதான் தட்டினேன்.”

“ரெண்டு தடவை. மூணு, அப்புறம் ஒரு மூணு. காதுல வந்து தட்டின மாதிரி கேட்டுச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். டிக்கியைப் பார்த்தாள். தரையில் இருந்த வட்ட ஓட்டையைப் பார்த்தாள். ரப்பர் ஓரத்தில் அவர் நெம்பிவிட்ட இடத்தில் தெரிந்த பச்சையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

“இது அந்த வண்டி.”

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“முன் சீட்டுல எனக்கு இவ்ளோ தெளிவா கேட்டுச்சு. இது கை தட்டற சத்தம்னு கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.” அவள் குரல் மெலிந்து கிசுகிசுப்பாகிவிட்டது. “அன்னிக்கு அவரு தட்டவே இல்லையா, அண்ணே?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஐந்து வருஷமாகச் சொன்ன பொய், நாக்குக்கு மனப்பாடம். திறந்த டிக்கிக்குள், யாரும் இல்லாத அந்த வெறும் தகரத்தில், மெதுவாக ஒரே ஒரு தட்டு விழுந்தது. இரண்டு பேரும் கேட்டார்கள்.

“தட்டினான்,” என்றார் காது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “கேட்டுச்சும்மா. அந்த வண்டிக்கு வந்த கம்ப்ளைண்டே பின்னாடி டக்கு டக்குங்குதுங்கறதுதானே. சத்தம் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். சந்தோஷப்பட்டேன்டி. இன்னும் நல்லாக் கேக்கட்டும்னு மறுபடி மறுபடி அந்த மேடு பள்ளத்துலயே ஓட்டினேன். அவன் தட்டத் தட்ட நான் வேகத்தைக் கூட்டினேன்.”

“எவ்ளோ நேரம் தட்டினாரு?”

“கடைசி பத்து நிமிஷம் கேக்கலை.”

அவள் அழவில்லை. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிவந்தாள். அவரை முன்னால் உட்காரச் சொல்லிக் கையால் மட்டும் காட்டினாள்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பெரியவர் காலையில் இந்த வண்டியில்தான் ஏற வேண்டும். புதுக் குழாய் வரவழைத்து, பழையதை அறுத்துப் போட்டு, இரண்டு பேருமாக மாட்டினார்கள். ஸ்பானர் வேண்டுமென்றால் கையை நீட்டினாள், அவர் கொடுத்தார். கடைசியாக அவர் இழுப்பறையைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்த ரப்பர் மூடியை எடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். கையிலிருந்து பிடுங்கி, தானே டிக்கிக்குள் குனிந்து, ஓட்டையில் வைத்து அமுக்கினாள். வெகுநேரம் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல ரோடு, கெட்ட ரோடு, வேகத்தடை, எதிலும் சத்தம் இல்லை. காது குனிந்து விரலை வைத்தார். முன்னால் மூன்று விரல். பின்னாலும் மூன்று விரல். எடை இறங்கிவிட்டது.

நாலு நாள் கழித்துப் பல் டாக்டர் போன் பண்ணினாள். சத்தம் சுத்தமாக இல்லை, அப்பா இப்போது வழியெல்லாம் முழித்துக்கொண்டு அவள் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறார், தாங்க முடியவில்லை என்றாள். “ஆனா ஒண்ணு. அந்தத் தம்பி இறங்கிட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்கார். என்ன சொல்ல?”

காது போனை வைத்துவிட்டார்.

அவருடைய சொந்த வண்டி ஒரு பழைய சின்னக் கார். தினமும் சாயங்காலம் தங்கையை அதில்தான் வீட்டில் இறக்கிவிடுவார். அவள் வேலைக்கு வந்தாள், வேலை செய்தாள், பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பேசவில்லை. அவளாக ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். இன்னொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் காரின் பின்பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. டிக்கியில் இருந்த சாமானையெல்லாம் இறக்கி வைத்தார். ஸ்டெப்னியை எடுத்தார். அப்படியும் ஏறவில்லை. அதற்குப் பிறகு டிக்கியைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, யாரோ ஒருத்தர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினார்கள்.

டக். டக். டக்.

காது பிரேக்கை மிதித்தார். இந்தத் தடவை தாமதிக்கவில்லை. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தார். தங்கை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

டக். டக். டக்.

டக்.

நான்கு.

வந்து திற.

காது கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை.

“நீ வேணாம்,” என்றாள் தங்கை. ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. “நான் திறக்கறேன்.”

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காலடி பின்னால் போனது. டிக்கியின் மூடி மேலே எழுந்து, கண்ணாடியில் தெரிந்த தெருவை முழுசாக மறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக வண்டிகளோடு புழங்குகிற உடம்பு அது. உட்கார்ந்திருந்த சீட் வழியாகவே தெரிந்தது: பின் ஸ்பிரிங் இரண்டும் மெதுவாக மேலே ஏறின. ஓர் ஆள் எடை.

மூடி இறங்கியது. கண்ணாடியில் தங்கை மட்டும்தான் தெரிந்தாள். தன் முகத்துக்கு நேராக, கொஞ்சம் மேலே, காற்றில் கை வைத்து எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், சட்டைத் தோளில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி. உதடு அசைந்தது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

அவள் முன் சீட்டுக்கு வரவில்லை. பின் கதவைத் திறந்து ஏறினாள். வண்டி இடப்பக்கம் தாழ்ந்தது.

அவள் கதவைச் சாத்திய பிறகு, வலப்பக்கமும் தாழ்ந்தது.

அவர் கண்ணாடியைப் பார்க்காமல், அவள் பின்னாலிருந்து நீட்டிய சாவியை வாங்கித் திருப்பினார்.

“மெதுவா ஓட்டு,” என்றாள் தங்கை. “அவருக்கு இன்னும் தலை வலிக்குதாம்.”